கோட்டை இருந்த இடம்

ஏரி எனக்கு வலப்பக்கத்தில் இருந்தது. நான் கிழக்குப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். ஓடவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. கைகள் இரண்டையும் ஜக்கெற் பைக்குள் விட்டிருந்தேன். வலக்கையில் மயிர் பொசுங்கியிருந்தது. அந்த மணம் பைக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. எதிரே நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவி 'போன்ஜூர்' என்றாள். நானும் 'போன்ஜூர்' என்றேன். என்னைத் தாண்டிப் போனதும் அவள் புகையைக் கண்டிருப்பாள். ஏதோ சத்தமாகச் சொன்னாள், நாயிடமா என்னிடமா என்று தெரியவில்லை. நான் வேகத்தைக் கூட்டவில்லை.

தீயணைப்பு வண்டி எதிரே வந்தது. மற்றவர்கள் எப்படி ஒதுங்குவார்களோ அப்படியே ஓரமாக ஒதுங்கி நின்று வழி விட்டேன். அதற்குப் பின்னால் பொலிஸ் கார் ஒன்று. அதுவும் போனது. மறுபடி நடக்கத் தொடங்கினேன்.

அண்ணை அங்கேயே நின்றுவிட்டார். "நடவுங்கோ அண்ணை" என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் தன் ஜக்கெற்றைக் கழற்றி எரிகிற புல்லில் அடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தரம் நான் சொல்லவில்லை.

அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நாங்கள் இருவரும் கிழக்கு மாகாணம், ஆனால் வேறு வேறு ஊர். ஊரில் அவர் பஸ் ஓட்டியவர். இந்த நகரத்தில், பார்க் எக்ஸ்ரென்சன் என்ற பகுதியில், நிலத்துக்குக் கீழே இருந்த ஒரு அறையை நாங்கள் பாதிபாதியாக வைத்திருந்தோம். நகரம் இருக்கும் தீவின் மேற்கு முனையில், ஏரிக்கரை வீதியில், பூச்செடி நாற்றுகள் வளர்த்து விற்கும் ஒரு பண்ணையில் மார்ச் மாதம் தொடக்கம் வேலை செய்தோம். தட்டுகளில் மண் நிரப்புவது, விரலால் குழி போடுவது, நாற்றை வைத்து அமத்துவது. நாள் முழுக்க அதுதான். கண்ணாடிக் கொட்டகைக்குள் வெக்கை, வெளியே வந்தால் குளிர். எங்கள் மேலாளை நாங்கள் கங்காணி என்று சொல்வோம். அவன் அதைத் தன்னுடைய பட்டப்பெயர் என்று நினைத்து, தானும் தன்னைக் கங்காணி என்றே சொல்லத் தொடங்கிவிட்டான்.

பஸ் எங்களை இறக்கிவிடும் இடத்திலிருந்து பண்ணைக்கு இருபத்தைந்து நிமிட நடை. அந்த வழியில்தான் கல் இருந்தது. வீதியோரம், புல்லுக்குள், ஆள் உயரத்தில் ஒரு கரடுமுரடான பாறை. அதன் நெற்றியில் பச்சை பிடித்த ஒரு வெண்கலத் தகடு. பின்னால் பன்னிரண்டு அடி தூரத்துக்கு, கூர் சீவிய மரக் கட்டைகளை வரிசையாக நட்டிருந்தார்கள். முன்பு கோட்டை எப்படி இருந்தது என்று காட்டுவதற்காகப் பிற்காலத்தில் நட்டது. வெயிலும் பனியும் பட்டு நரைத்துப்போன கட்டைகள்.

முதல் நாளே அண்ணை கேட்டார்.

"என்னடா தம்பி போட்டிருக்கு?"

"இதில ஒரு கோட்டை இருந்ததாம்."

"இதோ? இது கதியால் வேலியல்லோ. ஆற்ற கோட்டை?"

"முந்தி முந்தி வந்த பிரெஞ்சுக்காரற்ர. தோட்டம் செய்ய வந்த ஆக்கள். அடிக்க வந்தால் எல்லாரும் உள்ளுக்க ஓடி வந்து கதவைப் பூட்டுறதாம்."

"ஆர் அடிக்க வாறது?"

"இஞ்ச முதலே இருந்த சனம்."

"அவங்கட காணிக்க வந்து வேலி போட்டிட்டு, அவங்களுக்கே பயந்தவங்களாமோ?"

"அப்பிடித்தான் கிடக்கு."

"அந்தச் சனத்தைப் பற்றி என்ன போட்டிருக்கு?"

நான் மறுபடி பார்த்தேன். "ஒரேயொரு சொல்லு. நல்ல சொல்லில்ல."

"எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவன் எனக்குப் பிரெஞ்சு வாசிச்சுக் காட்டுறான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு நடந்தார். உண்மைதான். நான் படித்த பிரெஞ்சு எல்லாம் பெட்டிகளிலும் அறிவித்தல்களிலும் படித்தது. கப்பல் சமையலறை, வளைகுடாவில் கட்டட வேலை, இத்தாலியில் தக்காளி, ரொறன்ரோவில் பேக்கரி, பிறகு இந்த நகரம். ஒரு வேலையில் ஒரு வருடம் முழுதாக நின்றது எனக்கு நினைவில்லை. ஆனால் கடைசியில் எப்படியோ குடியுரிமை கிடைத்துவிட்டது. அது அதிர்ஷ்டம். அதே கேள்விகளுக்கு என்னைவிட நேர்மையாகப் பதில் சொன்னவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அண்ணைக்குக் கிடைக்கவில்லை. அவருடைய அகதி மனுவை நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடும் போய்விட்டது. மிச்சமிருந்தது மனிதாபிமான அடிப்படையில் போட்ட ஒரு மனு. அது இரண்டு வருடமாக எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. அதற்குப் பதில் வரும்வரை அவர் யாருடைய கண்ணிலும் படக்கூடாது. பொலிஸ் ஒரு தரம் பெயரைக் கேட்டாலே போதும், எல்லாம் முடிந்தது. அப்படித்தான் அவர் நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன். வெறும் வீதியில், ஒரு வாகனமும் இல்லாத நேரத்தில், பனி கொட்டிக்கொண்டிருக்க, நடக்கும் மனிதனின் விளக்கு எரியும்வரை அவர் நிற்பார். பக்கத்தில் நான் குளிரில் குதித்துக்கொண்டு திட்டுவேன். "நீ போ. உனக்குப் பாஸ்போட் இருக்கு" என்பார்.

மகனுடைய கதையை அவர் ஒரேயொரு தரம்தான் சொன்னார். மார்ச் கடைசியில், பனிமழை பெய்த ஒரு மத்தியானம், கொட்டகைக்குள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது. எங்கள் பக்கத்தில் ஒரு ஊரில் வெள்ளைக்காரர் கட்டிய பழைய கோட்டை ஒன்று இருந்தது. சண்டைக் காலத்தில் அதற்குள் படை. பத்தொன்பது வயது மகன் சைக்கிள் ரியூப் ஒட்டப் போனவன். விசாரிக்க என்று கோட்டைக்குள் கூட்டிப் போனார்கள். அண்ணை ஒவ்வொரு நாளும் மத்தியானம் சோற்றுப் பொதி ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போவார். காவலுக்கு நிற்பவன் வாங்கிக்கொண்டு உள்ளே போவான். பொதியை வாங்குகிறான் என்றால் பிள்ளை உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். முப்பத்தெட்டு நாள் வாங்கினார்கள். முப்பத்தொன்பதாவது நாள் பொதியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். அப்படி ஒருவர் இங்கே இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்றார்கள்.

"அப்ப முப்பத்தெட்டு நாளும் சோத்தைத் திண்டது ஆரடா?" என்று என்னிடம் கேட்டார், எனக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல. பிறகு தட்டைக் கழுவினார்.

பொதி திரும்பி வந்த நாளைத்தான் அவர் மகனுடைய நாளாக வைத்திருந்தார். சித்திரைப் புத்தாண்டுக்கு நாலு நாளைக்கு முன் வரும். இந்த ஊரில் கோயில்கள் இருக்கின்றன. வேலை நாளில் போக வழியில்லை என்பது ஒன்று. மற்றது, அவர் அந்த நாளுக்குக் கோயிலுக்குப் போக விரும்பியதேயில்லை. ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார், செத்த திதி கேட்பார், எதைச் சொல்வது என்றார்.

அன்று விடிய நாலு மணிக்கு எழும்பிச் சோறு காய்ச்சினார். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு முட்டை. வாழையிலை இல்லாததால் பேக்கிங் தாளில் சுற்றி, மேலே பத்திரிகைத் தாளால் கட்டினார். எனக்குக் கட்டுகிறார் என்று நினைத்தேன்.

"இது உனக்கில்ல. உன்ர அதில பெட்டியில கிடக்கு."

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முக்கால் மணித்தியாலம். பன்னிரண்டு அடித்ததும் பொதியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னால் போனேன். கல்லடிக்கு ஏழு நிமிடம். வழியில்தான் விளங்கப்படுத்தினார்.

"இவங்கட கோட்டையைப் பார். ஒரு கல்லும் இல்ல, ஒரு மதிலும் இல்ல. இருந்ததெண்டு சொல்ல ஒரு தகட்டை அடிச்சு வைச்சிருக்கிறாங்கள். எனக்கு அந்தக் கோட்டையை இப்பிடிப் பாக்கவேணும். அது நடக்காது. அதால இதுக்கு முன்னால வைக்கிறன்."

 பைத்தியக்கார வேலை என்று நினைத்தேன். ஆனாலும் கூடப் போனேன்.

பொதியைப் பிரித்துக் கல்லின் அடியில் வைத்தார். மீன் அடைத்துவந்த ரின் ஒன்றின் மூடியை எடுத்து அதன்மேல் கற்பூரம் நாலு கட்டி வைத்தார். ஏரியிலிருந்து காற்று. கொளுத்திய நெருப்புக்குச்சி நாலும் அணைந்தன. வீதியால் கார்கள் போய்க்கொண்டிருந்தன. ஒருவன் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனான்.

"அண்ணை, இதில வேண்டாம். ஆரும் பொலிசுக்குப் போன் அடிப்பான். அந்தக் கட்டையளுக்குப் பின்னால வையுங்கோ. காத்தும் இல்ல, ரோட்டுக்கும் தெரியாது."

இதைச் சொன்னது நான். அவருக்கு அந்த யோசனை வரவில்லை. மூடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது அவர். என் கையில் இருந்த லைற்றரால் பற்றவைத்தது நான். அவர் கும்பிட்டார். நான் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் நடுப்பகுதிக்கு முன் இங்கே புல் பச்சையாக இருக்காது. போன வருடத்துப் புல், பனி உருகியபின் வைக்கோல் மாதிரிப் படுத்துக் கிடக்கும். கட்டைகளைச் சுற்றிக் காற்று சுழன்று வந்தது. மூடி எழும்பிக் கவிழ்ந்தது. அவ்வளவுதான். நான் கையால் அடித்தேன். புல்லில் பற்றிய தீ முழங்கால் உயரத்துக்கு எழுந்து, கட்டைகளில் பிடித்து, மேலே ஏறியது. காய்ந்த தேவதாரு எப்படி எரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சடசடவென்று ஒரு சத்தம். ஒரு கட்டை வெடித்தது.

அந்த வெடிச்சத்தம்தான் என்று நினைக்கிறேன். கால்கள் தாமாக நடக்கத் தொடங்கின.

எங்கள் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எனக்குப் பதின்மூன்று வயதில், சந்தைக்குப் பக்கத்தில் குண்டு ஒன்று வெடித்தது. பக்கத்தில் நின்ற ஒரு மீன்காரர் என் தோளைப் பிடித்துத் தள்ளி, "நட, ஓடாத, நட" என்றார். ஓடியவர்களைச் சுட்டார்கள். அந்த இடத்தில் நின்றவர்களை, காயப்பட்டவரைத் தூக்கியவர்களையும் சேர்த்து, ஏற்றிக்கொண்டு போனார்கள். நடந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் நடந்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அது சரியாகவே வந்தது. உடம்பு அதைப் படித்துவைத்துவிட்டது. அண்ணைக்கும் இந்தப் பாடம் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அந்தச் சோற்றை அவர் விட்டுவிட்டு வரமாட்டார்.

இரண்டு மணித்தியாலம் நடந்தேன். இடையில் இரண்டு பஸ் நிறுத்தங்கள் வந்தன, ஏறவில்லை. மூன்றாவதில் ஏறினேன். மெட்ரோவில் என் பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுளித்துவிட்டு எழும்பிப் போனாள். அறைக்கு வந்து கையைத் தண்ணீருக்குள் பிடித்தேன். அவருடைய மெத்தை, மடித்த போர்வை, ஆணியில் தொங்கிய பிளாஸ்ரிக் பை. அந்தப் பைக்குள்தான் அவருடைய கடிதங்கள் எல்லாம் இருந்தன. நாளைக்கு வேறு அறை பார்க்கவேண்டும் என்றுதான் முதலில் யோசித்தேன். என் உடுப்புகளை ஒரு பையில் வைக்கவும் தொடங்கினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

நாலரைக்குக் கதவைத் தட்டியது எங்கள் தெருவில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவ. அவ மன்னார்ப் பக்கம், வேதக்காரர், கத்தோலிக்கர். கார்தெரி என்று இங்கே சொல்லும் ஒரு பிள்ளைக் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் இருந்து, எங்கள் தெருவில் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் வாசித்துச் சொல்வா. எந்தக் கோயில்காரர் என்று கேட்கமாட்டா. அண்ணை அவவுடைய நம்பரைத் தாளில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். பொலிஸ் அந்த நம்பருக்குத்தான் எடுத்திருந்தது. ஏப்ரனோடு அப்படியே வந்திருந்தா.

"நீ எங்க நிண்டனீ?"

"அங்கதான்."

"எங்க அங்க?"

"அவரோட. பிறகு நடந்து வந்திட்டன்."

"நடந்து வந்திட்டியோ? உலாத்தப் போனனீயோ? அந்த மனுசன் கையெல்லாம் கொப்பளம். தான் தனியத்தான் நிண்டனான், கூட ஆரும் இல்லை எண்டு போனில எனக்கு மூண்டு தரம் சொல்லிப்போட்டுது. நெருப்பைப் பற்றி முதல் ஆளாப் பொலிசுக்கு அடிச்சது ஆரோ நாயோட போன மனுசியாம். ஒரு ஆள் அவசரமா, ச்சீ, அவசரமில்லாமப் போனதைக் கண்டதாம். அதுதான் அவைக்குச் சந்தேகம். அவசரமில்லாமப் போனவனாம்."

நான் கட்டிலில் இருந்தேன்.

"கேள். அந்த நெருப்பு ஒண்டுமில்ல. பதினொரு கட்டை. கல்லுக்கும் தகட்டுக்கும் ஒண்டும் ஆகேல்ல. தவறுதலாப் பிடிச்சிட்டுது, நாங்களே அணைக்கப் பாத்தம், நாங்களே அடிச்சுச் சொன்னம் எண்டு ரெண்டு வார்த்தை பிரெஞ்சில சொல்ல ஒரு வாய் அங்க இருந்திருந்தா, பேரை எழுதிக்கொண்டு விட்டிருப்பினம். அந்தாளுக்கு 'வுய்', 'மெர்சி' ரெண்டும்தான் தெரியும். பொலிஸ்காரன் கேட்ட எல்லாத்துக்கும் 'வுய்' எண்டிருக்கு."

"இப்ப எங்க?"

"கொம்பியூட்டரில பேரைப் போட்டாப்போல பிடியாணை ஒண்டு கிடந்திருக்கு. போன வருசம் ஒரு சந்திப்புக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டவையாம். அது பழைய வீட்டுக்குப் போயிருக்கு. லவாலில கொண்டுபோய் வைச்சிருக்கினம். திருப்பி அனுப்புற ஆக்களை வைக்கிற இடத்தில. நாளையிண்டைக்குக் காலமை விசாரணை."

"அனுப்பிப்போடுவினமோ?"

"மனுவுக்கு முடிவு வர முதல் அனுப்பாம வெளியில எடுக்கலாம். பிணை நிக்க ஒரு ஆள் வேணும். சிற்றிசனா இருக்கவேணும். விலாசம் வேணும். அவரைத் தன்ர வீட்டில வைச்சு, கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போறன் எண்டு கையெழுத்து வைக்கவேணும். நான் வைப்பன், எனக்கு இன்னும் சிற்றிசன் வரேல்ல. உனக்கு இருக்கு. விலாசம் இந்தக் குகை. பரவாயில்ல. வேலை?"

"மத்தியானம் வரைக்கும் இருந்தது."

அவ சிரிக்கவில்லை. "கங்காணிக்கு அடி" என்றா.

அடித்தேன். நகரசபையிலிருந்து ஏற்கெனவே அவனுக்குப் பேசியிருந்தார்கள். இருவரும் இனி வரவேண்டாம் என்றான். நல்ல மனிதன்தான், குரலில் கோபம் இல்லை. அண்ணையின் மத்தியானப் பை கொட்டகைக்குள் கிடக்கிறது, தபாலில் அனுப்பவா என்று கேட்டான்.

அக்கா பிளாஸ்ரிக் பையை ஆணியிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டா. "ரெண்டு காரியம். இப்ப பொலிசுக்குப் போய் நீ அங்க நிண்டதைச் சொல்லு. நாளையிண்டைக்கு விசாரணையில வேற ஆரும் சொல்லி நீ பொய்க்காரனாகக் கூடாது. நாளைக்கு ஒரு வேலை எடு. தாளில எழுதித் தர வேணும். மேசை துடைக்கிற வேலையெண்டாலும் சரி. ஓடிப்போற ஆள் இல்ல எண்டு காட்டவேணும்."

"நான் ஓடேல்லயக்கா."

"ஓம், நடந்தனீ. போ."

பொலிஸ் நிலையத்தில் என்னை விசாரித்தது ஒரு இளம் பெண். வெளிச்சமாக இருந்த ஒரு சின்ன அறை. என்னுடைய பிரெஞ்சில், வினைச்சொற்களை எல்லாம் ஒரே காலத்தில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். லைற்றர் என்னுடையது, இடத்தைக் காட்டியது நான், பற்றவைத்தது நான் என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். சோறு எதற்கு என்று கேட்டாள். இறந்துபோன மகனுக்கு என்றேன். அவருடைய மகன் அந்தக் கோட்டையிலா இறந்தான் என்று கேட்டாள். இல்லை, வேறு கோட்டை என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோட்டை என்றால் அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் வரும் பழைய காலம். அதற்குள் போய்ச் செத்த மகன் ஒருவனுக்கு இன்னும் உயிரோடு இருக்கும் தகப்பன் இருக்க முடியாது.

"நீங்கள் ஏன் அங்கிருந்து போனீர்கள்?"

"பழக்கம்."

"நெருப்பு வைத்துவிட்டுப் போவதா?"

"இல்லை. ஏதாவது வெடித்தால் நடப்பது."

"எங்கே?"

"எங்கள் ஊரில்."

அவள் ஏதோ எழுதினாள். நீளமாக இல்லை. நான் சொன்னதால் தீ விடயம் விபத்து என்று முடியக்கூடும், ஆனால் அந்தப் பெரியவர் இப்போது தங்களிடம் இல்லை, குடிவரவுக்காரரிடம் இருக்கிறார், அவர்களுக்குத் தீ முக்கியமில்லை என்றாள். மரியாதையாகவே சொன்னாள். கைக்கு மருந்து போடச் சொன்னாள்.

விசாரணையில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கையெழுத்து வைத்தேன், விட்டார்கள். ஏழு வாரம் அண்ணை அந்தக் குகையில் என்னோடு இருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் குடிவரவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவேன். எட்டாவது வாரம் மனு நிராகரிக்கப்பட்டு, அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்தில் என்னை உள்ளே விடவில்லை. அவர் கைகளில் தோல் புதிதாக, இளம் சிவப்பாக வந்திருந்தது. அந்த நாளைப் பற்றி ஏழு வாரத்திலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் பொலிசிலிருந்து வந்த அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாது. நாளை மறுநாள் விசாரணை, அதற்கு முதல் ஒரு தாள் வேண்டும் என்பது மட்டும் தெரியும். மறுநாள் காலை ஐந்தரைக்கு ஜான்-டலோன் சந்தைக்கு நடந்தேன். பழக்கடைக்காரர்கள் லொறிகளைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பூக்கடையில் என் கையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். மீன்கடையில் ஆள் போதும் என்றார்கள். மூன்றாவது, மரக்கறிக் கடை வைத்திருந்த ஒரு மொரோக்கோக்காரர். அறுபது வயதிருக்கும், கம்பளித் தொப்பி. என்னைக் கண்டதும் விரலை நீட்டினார்.

"உன்னை எனக்குத் தெரியும். போன கோடையில் வந்தாய். ஒன்பது நாள்."

"ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு "வுய்" என்றேன்.

"ஒன்பதாவது நாள் காலிஃபிளவர் பெட்டியைப் பாதி வழியில் வைத்துவிட்டுப் போனாய். பெட்டி அங்கேயே இருந்தது. உனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து நான் கழிப்பறைக்குள் எல்லாம் தேடினேன்."

"ஒன்றும் நடக்கவில்லை. போய்விட்டேன்."

"தெரிகிறது. இப்போது என்ன?"

வேலை வேண்டும், இன்றைக்கே, வேலை செய்கிறேன் என்று ஒரு கடிதமும் வேண்டும் என்றேன். அவர் தன் மகளைப் பார்த்தார். மகள் விலை அட்டைகளை எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது நாள் நின்றவன் முதல் நாளே கடிதம் கேட்கிறான் என்று அவர் அரபில் சொல்லியிருக்கவேண்டும், இருவரும் சிரித்தார்கள். யாருக்குக் கடிதம் என்று கேட்டார். ஒருவரை லவாலில் வைத்திருக்கிறார்கள், திருப்பி அனுப்பப்போகிறார்கள், நான் பிணை நிற்கவேண்டும் என்றேன். சிரிப்பு நின்றது. லவால் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"உன் அண்ணனா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். விளங்கப்படுத்தினால் நீளும். "என்னோடு இருக்கிறவர்" என்றேன்.

"எவ்வளவு நாள் நிற்பாய்?"

"நீங்கள் போகச் சொல்லும்வரை."

அதை அவர் நம்பவில்லை. நம்ப ஒரு காரணமும் இல்லை. தொப்பியைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டு, "உருளைக்கிழங்கு கீழே இருக்கிறது. முதலில் அதைக் கொண்டுவா. கடிதத்தைப் பிறகு பார்ப்போம்" என்றார்.

கீழ்த்தளக் களஞ்சியத்திலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துக் கொண்டுவந்தேன். சாக்கு, கையில் வெந்திருந்த இடத்தில் உரசியது. கையில் ஒரு பிளாஸ்ரிக் பையைக் கட்டிக்கொண்டேன். உருளைக்கிழங்குக்குப் பிறகு கரட், அதற்குப் பிறகு மெக்சிக்கோவிலிருந்து வந்த குடைமிளகாய். ஒவ்வொரு தரமும் படியால் மேலே வரும்போது அவர் நான் நிற்கிறேனா என்று எட்டிப் பார்த்தார். பத்து மணிக்குக் கோப்பி தந்தார். நின்றுகொண்டே குடித்தேன்.

பதினொன்றரைக்கு மகள் கடையின் பெயர் போட்ட ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து, என் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாள். கையைத் துடைத்துவிட்டு, எழுத்து எழுத்தாகச் சொன்னேன். வேலை தொடங்கிய திகதி என்ன போடுவது என்று கேட்டாள். இன்றைய திகதியைப் போடச் சொன்னேன். அவள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மிச்சமிருந்த வெங்காயத்தை எடுக்கக் கீழே போனேன்.